கட்டைவிரலில் நாடி பார்க்கும் கன்ட்ரோலர்

மகன் வாங்கி வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர், நின்டெண்டோ ஸ்விட்ச்சில் கையில் ஒரு வளையத்தைப் பிடித்து ஆடும் உடற்பயிற்சி வீடியோ கேம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது நாடி பார்க்கும் வசதிதான். அந்த வளையத்தில் மாட்டும் சின்னக் கன்ட்ரோலரான வலது ஜாய்கானின் அடியில் சின்னக் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒன்று இருக்கும். அது அகச்சிவப்பு கேமரா. ஆட்டம் முடிந்ததும் அதன்மேல் கட்டைவிரலை வைத்தால், விரலில் ரத்தம் ஓடும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. விரலை அழுத்தக் கூடாது, அசைக்கவும் கூடாது. நேற்று 124 காட்டியது. உடனே மணிக்கட்டைப் பிடித்து அரை நிமிடம் எண்ணினேன், 61. சரியாகத்தான் இருக்கிறது!

2009-இலேயே நின்டெண்டோ, நாடி பார்க்க விரல்நுனியில் மாட்டும் வைட்டாலிட்டி சென்சாரை அறிவித்தது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்குத்தான் வேலை செய்கிறது என்று கடைசியில் கைவிட்டார்கள். அந்த ஆசை 2019-இல் இந்த வளையத்தோடு வந்து சேர்ந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஓடும்போதே துடிப்பைக் காட்டாது, நின்று விரல் வைத்தால்தான். அப்புறம், இது மருத்துவக் கருவி அல்ல. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆடுங்கள்.