இமோஜி: தோலுக்கு ஐந்து நிறம், விளக்குமாறு பிடிக்க ஆள் இல்லை

போனில் கட்டைவிரல் இமோஜியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஐந்து தோல் நிறங்கள் விரியும். 2015இல் வந்த வசதி இது. வெயிலில் யார் தோல் கறுக்கும், யார் தோல் எரியும் என்று பார்க்கத் தோல் மருத்துவர்கள் வைத்திருந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஆறு வகை உண்டு, அதில் ஆக வெளுத்த இரண்டையும் ஒன்றாக்கி ஐந்தாகத் தந்தார்கள். பயன்படுத்த ரொம்ப எளிது, ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இந்த வசதியே இல்லாத பழைய போனில் மட்டும் மஞ்சள் விரலும் பக்கத்தில் தனியாக ஒரு பழுப்புக் கட்டமும் தெரியும், ஏனென்றால் உள்ளே அது இரண்டு எழுத்துதான், நம் ககர மெய்யும் இகரமும் சேர்ந்து கி ஆகிற மாதிரி.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் மஞ்சள்தான் ஓடுகிறது. சித்தப்பா மட்டும் எல்லாவற்றுக்கும் ஆக வெளுத்த கையால் கும்பிடு போடுவார், ஆள் என்னவோ நல்ல கறுப்பு. கடைசி நிறத்தை அங்கே யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. பெண்ணோ பையனோ கறுப்பென்றால் 'மாநிறம்' என்று சொல்லிச் சமாளிக்கிற வீடுதானே.

மஞ்சள் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். ஆனால் 2015க்கு முன்னால் ஐபோனில் இருந்த மனிதர்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளை, தலைப்பாகைக்காரர் ஒருவரும் சீனத் தொப்பிக்காரர் ஒருவரும்தான் விதிவிலக்கு. இதை முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஹூஸ்டனைச் சேர்ந்த கேத்ரீனா பாரட் என்ற கறுப்பினப் பெண். தன்னைப் போல இருக்கிற ஒரு முகத்தை அனுப்ப முடியவில்லை என்று மகள் சொல்ல, 2013இலேயே பல நிற இமோஜிகளோடு ஒரு செயலி வெளியிட்டார், எந்த இமோஜி வரலாம் என்று முடிவு செய்கிற யூனிகோட் கூட்டமைப்பிடமும் போய்ப் பேசினார். பிறகு ஆப்பிள் தன் சொந்த வரிசையைப் போனிலேயே கொடுத்துவிட்டது. 2020இல் பாரட் ஆப்பிள் மேல் வழக்குப் போட்டார், நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை, நிறத்தை மாற்றலாம் என்ற யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாதாம். சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு ஒப்பவில்லை.

பாலினத்தில் நிறைய முன்னேற்றம். முன்பெல்லாம் பெண் என்றால் மணப்பெண், இளவரசி, நடனம், நகப்பூச்சு, முயல் காது மாட்டிய இரட்டையர், அவ்வளவுதான். 2016இல் கூகுளில் வேலை செய்த நால்வர் 13 தொழில்களைச் சொல்லி யூனிகோடுக்கு மனுப் போட்ட பிறகுதான் விஞ்ஞானி, விவசாயி, வெல்டிங் செய்கிறவர் எல்லாம் பெண்ணாகவும் வந்தார்கள். பெர்லினில் இருந்த சவூதிச் சிறுமி ரயூஃப் அல்ஹுமைதி 15 வயதில் கேட்டு வாங்கிய ஹிஜாப் பெண் 2017இல் வந்தாள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், மனு யாரும் போடலாம். திருநர் கொடி 2020 வரை காத்திருந்தது. ஒரே பாலின ஜோடிகள் ஐபோனில் 2012இலேயே வந்துவிட்டார்கள், ஆனால் 2016இல் இந்தோனேசிய அரசு அந்தப் படங்களை எடுக்கச் சொன்னபோது லைன் என்ற அரட்டைச் செயலி அப்படிப்பட்ட ஸ்டிக்கர்களை அந்த நாட்டுக் கடையிலிருந்து எடுத்தது. அப்புறம் குடும்பங்கள். அம்மா, அப்பா, பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிறம் என்றால் கணக்கு ஆயிரக்கணக்கில் போகிறது என்று 2024இல் ஆப்பிள் எல்லாக் குடும்பத்தையும் முகமில்லாத நிழல் உருவமாக்கிவிட்டது. சமத்துவம்தான், கழிவறைக் கதவில் ஒட்டுகிற படம் மாதிரி ஆகிவிட்டது.

சாதிக்கு இமோஜி கிடையாது, மனுப் போட்டாலும் கிடைக்காது. அதனால் என்ன, நம் பையன்கள் இரண்டு நிற இதயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரீல்ஸுக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அது வெறும் அன்பு. பள்ளியில் சாதியைக் காட்டுகிற நிறக் கயிறு கட்டக் கூடாது என்று 2019இல் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது, 2024இல் நீதிபதி சந்துரு குழுவும் அதையே சொன்னது. இதயத்துக்கு எந்தச் சுற்றறிக்கை விடுவது?

இதெல்லாம் போகட்டும், இந்தப் பொருள் உண்மையில் சறுக்குகிற இடம் வர்க்கம். கோட்டு சூட்டுப் போட்டு அந்தரத்தில் மிதக்கிற ஒரு ஆள் இருக்கிறார், பார்த்திருப்பீர்கள். கோல்ஃப் ஆடுகிறவர், வாள் வீசுகிறவர், பனிச்சறுக்குகிறவர், ரத்தக்காட்டேரி, கடற்கன்னி எல்லோரும் உண்டு. கட்டட வேலை என்றால் தலைக்கவசம் போட்ட ஒருவர், செங்கல் சுமக்கிற சித்தாள் இல்லை. மீனவர் இல்லை. வீட்டு வேலை செய்கிறவர் இல்லை. 2019இல் ஆட்டோ வந்தது, ஆளில்லாத ஆட்டோ. அதே வருடம் புடவையும் வந்தது, உடுத்த ஆளில்லாமல். 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஆதரவாக ஒரு ஸ்டேட்டஸ் போடலாம் என்று தேடினேன், விளக்குமாறு இருந்தது, குப்பைத் தொட்டி இருந்தது, மூடிய கை இருந்தது, ஐந்து நிறத்திலும். கூட்டுகிற ஆள் இல்லை.

காரணம் மனுவின் விதியிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்கிற படத்தை உலகம் எவ்வளவு தேடுகிறது என்று கூகுள் கணக்கோடு காட்ட வேண்டும், ஒப்பிட 'யானை' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். தெருவைக் கூட்டுகிறவரை எத்தனை பேர் இணையத்தில் தேடப்போகிறார்கள்? தோல் நிறத்தையும் பாலினத்தையும் கேட்டவர்கள் கையில் போன் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சிலருக்கு கூகுளிலேயே வேலை இருந்தது. தமிழ்நாடு அரசுகூட ஒரு காலத்தில் யூனிகோடில் உறுப்பினர், ஆனால் அது தமிழ் எழுத்துக்காகப் போன இடம்.

நிறத்துக்கு நாலு நட்சத்திரம், பாலினத்துக்கும் நாலு, உழைக்கிறவர்கள் விஷயத்தில் ஒன்று, அதுவும் அந்த வெல்டிங் அக்காவுக்காக. யாராவது மனுப் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், தூய்மைப் பணியாளர் என்று நாம் எல்லோரும் முதலில் கொஞ்ச நாள் கூகுளில் தேடி வைப்போம்.