வீட்டு நெபுலைசர்: கருவி நன்று, கையேடுதான் தவறு

சென்ற ஐப்பசி மழையில் அம்மாவுக்கு மூன்றாம் முறையாக இழுப்பு வந்து, நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அதன்பின் மருத்துவரே வீட்டில் ஒரு நெபுலைசர் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்க உதவும் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, எந்த மருந்தை எப்போது, எத்தனை முறை வைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் 1,850 ரூபாய்க்குக் கம்ப்ரசர் வகைக் கருவி ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் பயன்படுத்தியதில் கருவியின் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. அதனுடன் வந்த கையேட்டின் மீதுதான் குறை.

கையேட்டின் தமிழ்ப் பக்கம் இதை ‘நீராவிக் கருவி’ என்கிறது. ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. அதைப் படித்த அம்மா முதல் நாளே வெந்நீர் வைக்கச் சொன்னார். ஆவி பிடிப்பது போலத்தானே என்று நினைத்த பக்கத்து வீட்டு அக்கா, இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்றார். நல்ல வேளையாக இரண்டையும் செய்யவில்லை. தைலம் நுண்துளியாகி நுரையீரலுக்குள் போனால் அழற்சியை உண்டாக்கக் கூடும்.

லத்தீன் மொழியில் ‘நெபுலா’ என்றால் மூடுபனி, மேகம். வானியலில் விண்மீன்களுக்கிடையே பரவிக் கிடக்கும் வாயுத் திரளுக்கும் அதே பெயர்தான். ஆக, நெபுலைசர் என்பது திரவ மருந்தை மூடுபனியாக்கும் கருவி. இதில் கொதிப்பும் இல்லை, ஆவியும் இல்லை. கம்ப்ரசர் தள்ளும் காற்று மருந்துக் கப்பின் அடியிலுள்ள ஊசித்துளை வழியே பீறிடும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைந்து, மருந்து மேலே இழுக்கப்பட்டுச் சிதறி, எதிரேயுள்ள தடுப்பில் மோதுகிறது. பெரிய துளிகள் கப்புக்கே வழிந்து மறுபடி சுற்றுக்கு வர, நுண்துளிகள் மட்டும் மாஸ்க்குக்கு ஏறுகின்றன. 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துளிகளே மூச்சுக்குழலின் கடைசிக் கிளைகள் வரை போகும்; அதைவிடப் பெரியவை வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சந்தேகமுள்ளவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கப்பைக் கையால் பற்றிப் பார்க்கலாம்: சில நிமிடங்களில் விரலுக்குச் சில்லென்றிருக்கும். அம்மாவின் ஐயமும் அப்படித்தான் தீர்ந்தது.

1858-இல் பாரிசில் சால்-ஜிரோன் என்ற மருத்துவர் உருவாக்கிய கருவியில் இந்தக் காற்றழுத்தத்தைக் கையால் பம்பு அடித்துத்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. இன்று மோட்டார் அடிக்கிறது, சைக்கிள் கடைக் கம்ப்ரசரின் தம்பி போன்ற இரைச்சலோடு. இரவு இரண்டு மணிக்கு ஓட்டினால் வீடே விழித்துக்கொள்ளும். சத்தமில்லாமல், உள்ளங்கையில் அடங்கும் மெஷ் வகையும் (மருந்தை நுண்சல்லடை வழியே துளியாக்குவது) கிடைக்கிறது. ஆனால் விலை பல மடங்கு, சல்லடைத் துளைகள் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு. ஒலியதிர்வால் துளியாக்கும் அல்ட்ராசோனிக் வகை எங்களுக்கு ஆகாது; மூச்சுக்குழல் அழற்சியைத் தணிக்கும் புடெசோனைடு போல் கரையாமல் மிதக்கும் மருந்தை அது சரியாகத் துளியாக்குவதில்லை.

மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் 2.5 மில்லி தீர எட்டு, ஒன்பது நிமிடம் ஆகிறது. கடைசியில் கப் ‘தட்தட்’ என்று இருமத் தொடங்கும். அப்போது விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் ஓரத்தில் ஒட்டியதும் இறங்கும். எப்படியும் ஏறத்தாழ ஒரு மில்லி அடியில் தங்கத்தான் செய்கிறது. மருந்து வைத்தபின் அம்மாவுக்குக் கை சற்று நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இது சால்பியூட்டமாலின் இயல்பு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

கூடவே வந்த மாஸ்க் தரமில்லை. மூக்குத்தண்டில் படியாமல் பனி முழுவதும் கண்ணுக்குப் போனது. முகத்தைவிட்டு விலகிய மாஸ்க்கால் பெரும்பகுதி மருந்து வீண் என்பதால், வாயில் கவ்விக்கொள்ளும் குழாயைத் தனியாக வாங்கினோம். புடெசோனைடு வைத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும், மாஸ்க் போட்டிருந்தால் முகமும் கழுவ வேண்டும் என்ற முக்கியமான செய்தி கையேட்டில் எங்குமே இல்லை. மருந்தைக் கலக்க நார்மல் சலைன் (மருத்துவ உப்புநீர்)தான், வெறும் தண்ணீர் கூடாது என்பதும் இல்லை. வெறும் தண்ணீரே மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யக் கூடும். கப்பை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துகிறோம். காற்றுக்குழாயைக் கழுவுவதில்லை, உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லேசான, நடுத்தரமான இழுப்புக்கு ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி மூச்சிழுக்க உதவும் குடுவை) பொருத்திய இன்ஹேலரே சமமாகப் பலன் தரும், விலையும் குறைவு; ஊதி இழுக்கத் தெம்பில்லாத முதியவர்களுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும் இதை வாங்கலாம். மருந்து வைத்தும் மூச்சு அடங்காவிட்டால் மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எங்கள் ஆட்டோக்காரரின் எண் இன்னும் கருவிப் பெட்டியின் மூடியில்தான் ஒட்டியிருக்கிறது.