ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுவோருக்கு: மூன்று சோதனை, ஒரு மதிப்பீடு

சென்னையில் நள்ளிரவுக்கு மேல் ஏறினால் காலையில் ஃபிராங்க்ஃபர்ட். பாரிஸ், மிலான், பார்சிலோனா என்று எங்கே போவதானாலும் அங்கே இறங்கி அடுத்த விமானம் பிடித்தால் போதும். லுஃப்தான்சா வழியின் வசதி அது. சிக்கலும் அந்த மாறும் இடத்தில்தான். பாஸ்போர்ட் சோதனை, செக்யூரிட்டி, கைப்பைக்கான கஸ்டம்ஸ் மூன்றும் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும். செக்-இன் பெட்டிக்கான கஸ்டம்ஸ் மட்டும் கடைசி ஊரில். விதிகள் தெளிவானவை, பெரும்பாலும் நியாயமானவையும்கூட. ஆனால் எது எந்த ஊரில் என்பதை டிக்கெட்டைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். குறைத்த இரண்டும் இதற்காகத்தான்.

முதலில் நேரம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 45 நிமிட இடைவெளி இருந்தாலே ஒரே டிக்கெட்டாக விற்பார்கள். ஐரோப்பாவுக்குள்ளேயே மாறுபவருக்கு அது சரிப்படும். இந்தியாவிலிருந்து வருபவர் இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். பி, சி, இசட் கேட்களில் இறங்குபவர் ஷெங்கன் பகுதிக்கான (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) ஏ கேட்களுக்குப் போக நடையே கணிசம். நடுவில் இரண்டு வரிசை.

பாஸ்போர்ட் கவுண்டரில் ஸ்டாம்புக்குப் பதில் இப்போது ஈ.ஈ.எஸ். என்ற கணினிப் பதிவு. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கியது. ஷெங்கனின் 29 நாடுகளிலும் முழுமையாக்க வைத்த நாள் 2026 ஏப்ரல் 10. கட்டணம் கிடையாது. விசா தேவைப்படாத நாட்டவரிடம் நான்கு விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். ஷெங்கன் விசாவில் வரும் நம்மவர்களின் ரேகை விசா விண்ணப்பத்திலேயே பதிவாகிவிட்டதால் முகப்படம் மட்டும்தான் புதிது. ஆனாலும் விரலை வைக்கச் சொல்வார்கள், பழைய ரேகையோடு ஒப்பிட. வயதானவர்களின் வறண்ட, காய்ப்பேறிய விரல்களை மெஷின் எளிதில் படிக்காது. வரிசையில் நிற்கும்போதே கொஞ்சம் ஈரம் காட்டிவிடுவது நல்லது. 12 வயதுக்குக் கீழ் ரேகை இல்லை. ஐரோப்பாவில் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவே இல்லை. அவர்கள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து நீட்டினால் போதும்.

இதில் உண்மையான மாற்றம் நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90-க்கு மேல் தங்கக் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. முன்பு மங்கிய ஸ்டாம்பைப் பார்த்து அதிகாரி விரல்விட்டு எண்ணினார், இப்போது கணினி எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தப்பாது. விசா இருந்தாலும் திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு இவற்றின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால் கவுண்டரில் உதவாது.

அடுத்தது செக்யூரிட்டி. சென்னைச் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் தன்னுடையதற்கு இணையாக ஏற்பதில்லை. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து. டப்ளினில் 2 லிட்டர் பாட்டில் வரை விடுகிறார்களே என்று நம்பிப் போகக் கூடாது. அது விமான நிலையத்துக்கு விமான நிலையம், சில இடங்களில் லேனுக்கு லேன், மெஷினைப் பொறுத்து மாறும். 100 மில்லி, ஒரு லிட்டர் ஜிப் பை என்றே திட்டமிடுங்கள். ஊறுகாய், தொக்கு, நெய், எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம்தான். டூட்டி ஃப்ரீ பாட்டில், சிவப்பு விளிம்புள்ள சீல் பையில் ரசீதோடு இருக்கும்வரை செல்லும். விமானத்தில் ஆசைப்பட்டுப் பிரித்தால் அடுத்த சோதனையில் குப்பைக்கூடைதான். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட் மணிக்குள், 3.7 வோல்ட் கணக்கில் 27,000 எம்.ஏ.ஹெச். வரை.

கஸ்டம்ஸில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது சாப்பாட்டுச் சாமானில். இறைச்சி, பால் பொருள் எதுவும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரக் கூடாது. அளவு ஒரு பொருட்டில்லை. கால் கிலோ நெய்யும், வீட்டில் கிண்டிய பால்கோவாவும் பறிபோகும். குழந்தைக்கான பால் பவுடருக்கு 2 கிலோ வரை விலக்கு, அதுவும் கம்பெனி டப்பாவில், குளிர்சாதனம் தேவைப்படாததாக. காரணம் மாட்டுக் கோமாரி போன்ற நோய்கள் பரவும் அச்சம். மீனுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. சட்டப்படி 20 கிலோ கருவாடு கொண்டுபோகலாம், ஒரு கரண்டி நெய் கூடாது! மணம் வெளியே வராமல் கட்டுவது அவரவர் பொறுப்பு.

செடிகொடி விஷயம் இன்னும் கறார். 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், பூ, இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தப்புபவை ஐந்தே: வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன். கறிவேப்பிலை, வெற்றிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாம் மாட்டும். கண்டிப்பாகப் பார்த்தால் தலையில் வைத்த மல்லிகைச் சரமும்தான். பழ ஈ இருந்ததால் 2014-இல் இந்திய மாம்பழ இறக்குமதியையே ஒன்றியம் நிறுத்தி, 2015 ஜனவரியில்தான் விலக்கியது. ஆகவே ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு இவ்வளவா என்று கேட்டுப் பயனில்லை. காயவைத்துப் பொடித்து எடுத்துப் போங்கள்.

தங்கத்தில் நுணுக்கம் அதிகம். சுற்றிப் பார்க்கப் போகிறவர் அணிந்திருக்கும் சொந்த நகைக்கு வரியில்லை. அங்கேயே குடியிருப்பவர் ஊரில் புதிதாக வாங்கி வந்தால் விமானப் பயணிக்கான சலுகை 430 யூரோதான். ஒரே பொருளின் விலையைப் பிரிக்க முடியாது. 500 யூரோ சங்கிலிக்கு 70-க்கு அல்ல, முழு 500-க்கும் வரி. கணவன் மனைவி சலுகையைச் சேர்த்தும் காட்ட முடியாது. ஜெர்மனியிலிருந்து கல்யாணத்துக்கு நகையோடு கிளம்புபவர் போகும்போதே கஸ்டம்ஸில், நகை அங்கிருந்தே போனது என்று காட்டும் ஐ.என்.எஃப். 3 படிவம் வாங்கினால் திரும்பும்போது வாக்குவாதம் இருக்காது. நாணயம் வேறு கணக்கு: 90 சதவீதமாவது தங்கம் இருந்தால் அது ரொக்கம். 22 காரட் என்பது 91.6 சதவீதம். கைக்காசையும் அந்தக் காசுகளையும் கூட்டி 10,000 யூரோவைத் தொட்டால் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். கைப்பையில் இருந்தால், ஃபிராங்க்ஃபர்ட்டில்.

இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் மாறுவதற்கே எல்லா ஷெங்கன் நாட்டிலும் டிரான்சிட் விசா வேண்டும். கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா இருந்தால் விலக்கு. பிரிட்டன் விசா அந்தப் பட்டியலில் இல்லை. லண்டன் போக மலிவாகக் கிடைக்கும் ஃபிராங்க்ஃபர்ட் டிக்கெட்டில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஏற விடமாட்டார்கள்.

திரும்பும் வழியில் கணக்கு தலைகீழ். பாரிஸில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வாட் (மதிப்புக் கூட்டு வரி) திரும்பப் பெற, அது செக்-இன் பெட்டியில் இருந்தால் பாரிஸிலேயே, பெட்டியைப் போடும் முன் பாப்லோ என்ற பிரெஞ்சு கஸ்டம்ஸ் மெஷினில் கடை தந்த படிவத்தின் பார்கோடைக் காட்டிவிட வேண்டும். கைப்பையில் இருந்தால் ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் ஃபிராங்க்ஃபர்ட்டில் கஸ்டம்ஸ் ஒப்புதல். பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், ஜெர்மனியில் 50-க்கு மேல் போதும். பொருளை எடுத்துக் காட்டச் சொல்வார்கள், அதனால் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள்.