விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே சாம்பா சர்வர்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

மூன்று வகைக் கணினிகளும் ஓடும் அலுவலகத்தில் பொதுக் கோப்புறைக்கு, டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் சாம்பா போடுவதையே இன்றும் பரிந்துரைப்பேன். விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியை லினக்ஸ் சர்வரில் தரும் மென்பொருள்தான் சாம்பா. என்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறை லினக்ஸுக்கு நன்றாக இருக்கும்; விண்டோஸும் சேர்ந்தால் பயனர் எண்களைப் பொருத்துவதே தனி வேலையாகிவிடும். ஆப்பிளும் 2013-இல் வந்த மேக் பதிப்பான மேவரிக்ஸ் முதல் எஸ்எம்பியைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது.

கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் பகிர்வு வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எம்பி கையொப்பம் (தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் முத்திரை) இயல்பாகவே கட்டாயம். கெஸ்ட் இணைப்பில் கையொப்பமிட வழியில்லை என்பதால் நேற்றுவரை திறந்த கோப்புறை அப்டேட்டுக்குப் பின் திறக்காது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட, ஆளுக்கொரு சாம்பா பயனர் கணக்கு உருவாக்குங்கள். லினக்ஸ் கடவுச்சொல் வேறு, சாம்பா கடவுச்சொல் வேறு; ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் வரவில்லை என்று சர்வரில் எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடுபவர்கள் உண்டு. 2017-இல் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனரை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறைக்கு மாற்றி, அதற்கென ஒரு தனிக் கோப்புறை கொடுத்தால் போதும்.

மேக்குக்கு, சாம்பாவின் ஃப்ரூட் மாட்யூல் (ஆப்பிள் கணினிகளுக்கான துணை நிரல்) அவசியம். அதைச் சாம்பா அமைப்புக் கோப்பில், எல்லாப் பகிர்வுக்கும் பொதுவான குளோபல் பகுதியில் போடுங்கள். சில பகிர்வுகளில் மட்டும் போட்டால் மேக்கின் நடத்தை ஒரே சீராக இருக்காது. மாட்யூல் வரிசையில், கோப்பின் கூடுதல் தகவல்களைச் சேமிக்கும் ஸ்ட்ரீம்ஸ் எக்ஸ்ஆட்டர் ஃப்ரூட்டுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸ், லினக்ஸ் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தைத் தரும். மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலமோ ஜிப்பாகவோ வரும் பெயர்கள் பிரிந்திருக்கலாம். விளைவு: ஒரே கோப்புறையில் ‘கோரிக்கை’ இரண்டு முறை நிற்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும், எக்செல் இணைப்பு அறுந்துபோகும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதிதான். கோப்புப் பெயர்களை மாற்றும் கான்வ்எம்வி கருவியை என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) விருப்பத்தோடு ஓட்டினால் சரியாகும். முதலில் அது மாற்றப்போவதைப் பட்டியலாக மட்டும் காட்டும். இரட்டைப் பெயர்களை அதில் பார்த்துத் தீர்த்துவிட்டு, பிறகு நிஜமாக ஓட்டுங்கள்.

நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸ் வட்டுகளில் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயருக்கு அதிகபட்சம் 255 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 85 குறிகள். ‘ப்பு’ மட்டுமே 4 குறி. விண்டோஸ் குறிகளைத்தான் எண்ணும், பைட்டை அல்ல. அதனால் அங்கே சேமிக்க முடிந்த நீண்ட அரசாணைத் தலைப்பு சர்வரில் ஏறாது.

நெட்வொர்க் பட்டியலில் சர்வர் தெரிய விண்டோஸுக்கு டபிள்யூஎஸ்டிடி, மேக்குக்கு அவாஹி நிறுவுங்கள்.

மேக்கின் டைம் மெஷின் காப்பு நகல்களும் இதே சர்வருக்கு வந்தால் அதிகபட்ச அளவைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லையேல் வட்டு நிரம்பும்வரை அது எழுதிக்கொண்டே போகும்.