குழாய் பளபளத்தது, சுவர் பொரிந்தது

தங்கச்சிமடத்தில் அம்மா இருந்த வீட்டை விற்பதென்று முடிவானதும், பார்க்க ஆள் வருவதற்குள் ஒழுங்கு பண்ண ராமநாதபுரத்திலிருந்து ஒரு குழுவை வரவழைத்தேன். சுத்தம், பெயிண்ட், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். நான்கு பேர், மூன்று நாள்.

சுத்தம் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரணில் ஓட்டை அண்டா, அப்பாவின் வலை மிதவைகள், கட்டுக்கட்டாய்ப் பழைய காலண்டர். ஒவ்வொன்றையும் காட்டி, "இது வேணுமாக்கா?" என்று கேட்டுத்தான் கழித்தார்கள். குழாய்களில் வருஷக்கணக்காய்ப் படிந்திருந்த உப்புக்கறைக்கு, வினிகரில் நனைத்த துணியை ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்தார்கள். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் வெள்ளை ஓடு ஓடாகக் கழன்றது. ஆறு வருஷமாகத் திறக்காத மேற்கு ஜன்னலின் கீலில் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டுத் திறந்தும் காட்டினார்கள்.

வினை பின்கட்டில் வந்தது. அது கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தாத்தா கட்டியது. மேலே சிமெண்ட் பூசியது அப்பா. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு எப்போதும் உப்புப் பூத்திருக்கும். "பட்டி பாத்து ரெண்டு கோட் அடிச்சா தெரியவே தெரியாதுக்கா" என்றார் மேஸ்திரி தம்பி. நானும் சரி என்றேன், என் தப்பும்தான். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், ஒன்பதாம் நாள் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது.

பத்தாம் நாள் வீடு வாங்க ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் ஹாலை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போடச் சொல்லி, ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தார். தலையசைத்தார். அப்புறம் பின்கட்டுச் சுவரைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு. பொலபொலவென்று வெள்ளைப் பொடி.

"உப்பை மூடி வச்சிருக்கியே தாயி."

அதற்குப் பிறகு நல்ல சுவரையும் தட்டித் தட்டித்தான் பார்த்தார்.

குழுவிடம் சொன்னேன். மறுப்பில்லாமல் வந்து சுரண்டிக் கொடுத்தார்கள். பெயிண்ட் காசு மட்டும் திரும்பி வரவில்லை. கடைசியில் உள்ளூர்க் கொத்தனார் சிமெண்ட் பூச்சை உடைத்தெடுத்து, சுண்ணாம்புக் காரை பூசி, மூன்று கை வெள்ளை அடித்தார். உப்பு இன்னும் கொஞ்சம் பூக்கத்தான் செய்கிறது. துடைப்பத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

மறுபடி கூப்பிடுவேனா? பரணுக்கும் குழாய்க்கும் கண்டிப்பாக. பின்கட்டுக்குள் பிரஷ்ஷோடு விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாம்பனிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுத்து வைத்துவிட்டேன்; பின்கட்டை நானே முதலில் காட்டப்போகிறேன். அந்த மேற்கு ஜன்னலைத்தான் அதுவரை சாத்தி வைக்கணும். ஆடிக் காற்றுக்கு வீடு முழுக்க மணல்.