அமெரிக்கத் தேர்தல் பணத்தைத் துழாவ: எஃப்இசி இணையதளம்

அமெரிக்க அரசியலில் யார் பணம் பாய்கிறது என்று பார்க்க, கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் (எஃப்இசி) இந்தத் தளம்தான் முதல் இடம். இலவசம். தனிநபர் நன்கொடைப் பக்கத்தில் பெயரோடு ஊரையும் வேலை பார்க்கும் நிறுவனத்தையும் கொடுத்துத் தேடுங்கள். ஒரே ஆளின் பெயர் பல விதமாகப் பதிவாகியிருக்கும். காலத்தையும் மாற்றுங்கள், முதலில் நடப்புத் தேர்தல் சுற்றின் 2 ஆண்டுகளே வரும். மொத்த நன்கொடை 200 டாலருக்கு மேல் போகாதவர்களின் பெயர் பெரும்பாலும் இராது.

பெரிய ஓட்டை வேறு. 2010இல் முளைத்த சூப்பர் பேக்குகளுக்கு, அதாவது வேட்பாளரைச் சாராமல் தனியாகத் தேர்தல் பிரச்சாரத்துக்குச் செலவிடும் குழுக்களுக்கு, நன்கொடை உச்சவரம்பே கிடையாது. லாபநோக்கற்ற அமைப்பு வழியாகப் பணம் வந்தால், அந்த அமைப்பின் பெயரோடு தடம் நின்றுவிடும். பின்னால் இருக்கும் கோடீஸ்வரர் தெரியமாட்டார். சாதாரண வாக்காளருக்கு இது அநியாயம். தேடல் முடிவுகளை இறக்கிக் கூட்டும்போது, ஆக்ட்புளூ, வின்ரெட் ஆகிய இணைய நன்கொடைத் தளங்கள் வழி வந்த தொகையை இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள்; தளத்தின் கணக்கிலும் பணம் பெற்ற குழுவின் கணக்கிலும் அது பதிவாகியிருக்கும்.