ராத்திரிக்கு மரச்சீனியா (மரவள்ளிக்கிழங்கு), கஞ்சியும் பயறுமா?

எடை குறைக்க நினைக்கிற குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

செலவு: இரண்டும் மலிவு. மீன்கறி சேர்ந்தால் கணக்கு மாறும்.

பசி: 100 கிராம் பச்சை மரச்சீனியில் சுமார் 160 கலோரி, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. மீன்தான் ஈடுகட்ட வேண்டும். அவித்த சிறுபயறில் அதே எடைக்கு 7 கிராம் புரதம், நார்ச்சத்தும் உண்டு. பசி தாங்கும். தொட்டுக்கொள்ளக் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்) போதும், அப்பளம் பொரித்தால் போச்சு!

வேலை: மரச்சீனியைத் தோலுரித்து வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டியே ஆக வேண்டும். பயறு குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும்.

உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்குக் கஞ்சியும் பயறும். கடலிலோ ரப்பர் தோட்டத்திலோ உடம்பு வளைய உழைப்பவர் மரச்சீனியை விட வேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.